கிரைண்டர் கடிக்குதுன்னா பலகை போடாதீங்க

ஐப்பசி மழை பிடிச்சதும் எங்க பக்கம் பேப்பர்ல ரெண்டு செய்தி தவறாம வரும். ஒண்ணு, எந்த அணையில எத்தனை அடி தண்ணி. இன்னொண்ணு, உள் பக்கத்துல ஒரு மூலையில நாலு வரி: துணி காயப்போட்ட பெண் மின்சாரம் தாக்கிப் பலி. ஊர் பேரும் வயசும் மட்டும் மாறும், மத்த வார்த்தையெல்லாம் போன வருசத்து வார்த்தைதான். முதல் செய்தியை டீக்கடையில அரைமணி நேரம் பேசுவோம். ரெண்டாவதுக்கு ஒரு "த்சொ" போட்டுட்டு பக்கத்தைத் திருப்பிருவோம்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி வருசத்துக்கு 12,000 பேருக்கு மேல சாகறதா தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்லுது. சராசரியா ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல. யானைக்குப் போட்ட வேலியில் செத்தவங்க, டிரான்ஸ்பார்மர்ல ஏறி செத்தவங்க எல்லாம் இதுல அடக்கம். நான் இங்க பேசப்போறது அவங்களைப் பத்தி இல்லை. சொந்த வீட்டுல, சமையல்கட்டுல, துணிக்கொடியில, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல சாகறவங்களைப் பத்தி. இவங்க யாரும் துணிச்சலான காரியம் எதுவும் செய்யலை. மாவாட்டினாங்க, துணி காயப்போட்டாங்க, அவ்வளவுதான்.

அடுக்குமாடியில் இருக்கிற நண்பர்களுக்கு ஊர் வீட்டுக்கு எப்படி கரண்ட் வருதுன்னு முதல்ல சொல்லிடறேன். கம்பத்துல இருந்து ஒரு ஜி.ஐ. கம்பியை இழுத்துக் கட்டி, அதுமேல சர்வீஸ் வயரைச் சுத்திக் கொண்டு வருவாங்க. இது வீட்டுக் கூரையில நட்டிருக்கிற ஒரு இரும்புக் குழாய்ல முடியும். குழாய்க்குள்ள இறங்கி வர்ற வயர் திண்ணைச் சுவத்துல இருக்கிற பலகையில மீட்டருக்குப் போகும். மீட்டருக்குப் பக்கத்துல பீங்கான் பியூஸ் கட்டை, அப்புறம் மெயின் சுவிட்ச், அப்புறம் வீடு.

இதுல ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வில்லங்கம் காத்துட்டு இருக்கும். வெயில்லயும் காத்துலயும் வயர் மேல்தோல் கம்பியோட உரசி உரசித் தேயும். தேஞ்ச இடத்துல மழை பட்டா கம்பிக்கு கரண்ட் வரும், கம்பியில இருந்து குழாய்க்கு வரும். அந்தக் குழாய்ல இருந்து எதிர்த்த தென்னை மரத்துக்குத்தான் வீட்டுக்காரங்க துணிக்கொடி கட்டியிருப்பாங்க. கொடியும் கம்பிதான், ஏன்னா கயிறு ரெண்டு வருசத்துல இத்துப்போகும். கூரை தகரமா இருந்தா அதுக்கும் சேர்த்தே வரும். பேப்பர்ல வர்ற நாலு வரிக்குப் பின்னாடி பெரும்பாலும் இதுதான் கதை. கம்பியைக் குழாயோட சேர்க்கற இடத்துல ஒரு பீங்கான் இன்சுலேட்டர் ஒழுங்கா இருந்து, கொடியை வேற இடத்துல கட்டியிருந்தா அந்த நாலு வரி வந்திருக்காது.

இது வெளியே. வீட்டுக்குள்ள நடந்தது வேற கதை. தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான குடிசைகளுக்கு ஒரு விளக்குத் திட்டத்துல இலவசமா கரண்ட் வந்தது பெரிய விசயம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை. ஆனா அந்த இணைப்பு ஒரு குண்டு பல்புக்குப் போட்டது. பல்புக்கு எர்த் வேண்டியதில்லை. 2006-க்குப் பிறகு கலர் டிவி வந்துச்சு. 2011-ல மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்துச்சு. அப்புறம் பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், துவைக்கிற மெசின். பல்புக்குப் போட்ட அதே வயர், அதே ரெண்டு ஓட்டை பிளக். கிரைண்டர் பிளக்குல மூணு கால் இருக்கு. தடிமனான மூணாவது காலை கடையிலயே உடைச்சுக் கேக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். இன்னும் சிலர் பிளக்கையே வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு வயரை மட்டும் சீவி, தீக்குச்சி வெச்சு ஓட்டையில சொருகுவாங்க. அந்த மூணாவது கால்தான் எர்த். உசிரைக் காப்பாத்தறதுக்குன்னே கம்பெனிக்காரன் வெச்ச காலை நாம உடைச்சுட்டு மாவாட்டறோம்.

எங்க வளவுல ஒரு அக்கா. அவங்க வீட்டு கிரைண்டர் ரொம்ப நாளா "கடிக்கும்". கடிக்கிறதுன்னா, தொட்டா சுர்ருன்னு இழுக்கும். ஊர்ல இது ஒரு வியாதியாவே கருதப்படறது இல்லை. மாடு முட்டும், நாய் குலைக்கும், கிரைண்டர் கடிக்கும், அவ்வளவுதான். அதுக்கு வைத்தியமும் உண்டு. ஒரு மணைப்பலகையைப் போட்டு அதுமேல நின்னுக்கிட்டா கடிக்காது. புதுசா வந்த மருமகளுக்கும் உப்பு டப்பா எங்க, புளிப் பானை எங்கன்னு காட்டின கையோட, "கிரைண்டரைத் தொட்டா பலகை மேல நின்னுக்க கண்ணு"ன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. இதை அந்தப் புள்ளயே சாவு வீட்டுல சொல்லிச்சு.

காப்புக் கட்டறதுக்கு முந்தின நாள். வீடு முழுக்கக் கழுவி விட்டிருக்காங்க. பலகையையும் தேச்சுக் கழுவி வாசல்ல வெயிலுக்குச் சாய்ச்சு வெச்சிருக்காங்க. ஈரத் தரை, வெறுங்கால், கிரைண்டர்ல உளுந்து ஓடிட்டு இருந்துச்சு. மாவைத் தள்ளி விடக் கைவெச்சவங்க கையை எடுக்க முடியலை. மகன் ஓடிவந்து பிளக்கைப் புடுங்கினப்புறம்தான் கீழ விழுந்தாங்க. பியூஸ் போகலை. அதுதான் நீங்க கவனிக்க வேண்டியது. ஒரு ஆளைக் கொன்ன கரண்ட் அந்த வீட்டு பியூஸை அசைக்கக்கூட இல்லை.

போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் எதுக்கு, பொம்பளை உடம்பை அறுக்கணுமான்னு பெரியவங்க பேசி, நெஞ்சு வலின்னு சொல்லி அன்னிக்கு சாயந்திரமே எடுத்துட்டாங்க. 12,000-ங்கிற கணக்குல இந்த அக்கா இல்லை. இந்த மாதிரி எத்தனை அக்காக்கள் அதுல இல்லையோ.

பதினாறு முடிஞ்சப்புறம் எங்க பங்காளி ஒருத்தன், லைசென்ஸ் வாங்கின வயர்மேன், அந்த வீட்டு வயரிங்கைப் பிரிச்சுப் பார்த்தான். எர்த் வயர்னு ஒண்ணு அந்த வீட்டுல எங்கயுமே இல்லை. பியூஸ் கட்டையில மெல்லிசா ஒரு இழை இருக்க வேண்டிய இடத்துல தடியா செம்புக் கம்பியை முறுக்கி வெச்சிருக்கு. "மாமா, இது பியூஸ் இல்லை, ஆணி"ன்னான்.

அவன் சொல்லிக் குடுத்த கணக்கை நான் உங்களுக்கும் சொல்றேன். வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். ஈரமா இருக்கற மனுச உடம்போட தடையை சுமாரா 1,000 ஓம்னு வெச்சுக்கலாம். அப்போ உடம்பு வழியா ஓடறது 0.23 ஆம்பியர். ஒழுங்கான பியூஸா இருந்தாலும் அது 5 ஆம்பியருக்கு மேல போனாத்தான் உருகும். ஆளைக் கொல்றதுக்கு 0.05 ஆம்பியர் நெஞ்சு வழியா கொஞ்ச நேரம் ஓடினாலே போதும். ஆக, சாவுக்கும் பியூஸுக்கும் நடுவுல நூறு மடங்கு இடைவெளி. பியூஸும் எம்.சி.பி.யும் வயர் தீப்பிடிக்காம காப்பாத்தறதுக்கு வந்தது. ஆளைக் காப்பாத்தறது அதோட வேலையே இல்லை. "எங்க வீட்டுல எம்.சி.பி. போட்டிருக்கே"ன்னு நிம்மதியா இருக்கிற பட்டணத்து நண்பர்களும் இதைக் கேட்டுக்கணும்.

சரி, எர்த் இருந்தா போதுமா? பாதி போதும். எங்க மண்ணு சுக்காங்கல் மண்ணு, சித்திரை வெயில்ல ஈரமே இருக்காது. ஒரு குழாயை அடிச்சு விட்டா 20 ஓம் தடை காட்டும். 230-ஐ 20-ஆல வகுத்தா பதினொண்ணரை ஆம்பியர். பதினஞ்சு ஆம்பியர் பியூஸ் இதுக்கும் போகாது. கிரைண்டர் உடம்புல கரண்ட் அப்படியே உக்காந்திருக்கும். அதனாலதான் எர்த்தோட கூட ஆர்.சி.சி.பி. வேணும்கறாங்க. பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வேற வழியில ஒழுகினாலே கண் இமைக்கிற நேரத்துல மொத்த சப்ளையையும் வெட்டிரும். பேஸையும் நியூட்ரலையும் ரெண்டு கையில புடிச்சா மட்டும் அதுக்குத் தெரியாது, ஏன்னா கணக்கு சமமாத்தான் இருக்கும். மத்தபடி கிரைண்டர், ஹீட்டர், பிரிட்ஜ்னு வீட்டுக்குள்ள கடிக்கிற எல்லாத்துக்கும் இதுதான் மருந்து. எர்த் இருந்தா, கிரைண்டர் கெட்டுப்போன அன்னிக்கே, யாரும் தொடறதுக்கு முன்னாடியே ஆர்.சி.சி.பி. விழுந்து சொல்லிரும். எர்த் இல்லைன்னா ஒரு ஆள் தொட்டப்புறம்தான் விழும். அந்த ஒரு கடியும் வேண்டாம்னா ரெண்டும் வேணும்.

இனி என்னோட ஆதங்கத்துக்கு வர்றேன். இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. சட்டத்துலயே எழுதியிருக்கு. ரெண்டு ராத்திரி போன்ல உக்காந்து படிச்சேன்.

1956-ம் வருசத்து இந்திய மின்சார விதிகள்ல 33-வது விதி என்ன சொல்லிச்சுன்னா, சப்ளை தர்றவங்க ஒவ்வொரு வீட்டுலயும், கரண்ட் உள்ள வர்ற இடத்துக்குப் பக்கத்துல, வீட்டுக்காரர் பயன்படுத்திக்க ஒரு எர்த் முனையை அமைச்சுக் குடுத்துப் பராமரிக்கணும். ஆமா, சப்ளை தர்றவங்க பொறுப்பு. 2010-ல மத்திய மின்சார ஆணையம் கொண்டு வந்த பாதுகாப்பு விதிகள்லயும் இது தொடர்ந்துச்சு. எங்க ஊர்ல நான் விசாரிச்ச வரைக்கும் இப்படி ஒரு முனை இருக்கணும்னு கேள்விப்பட்டவங்களே யாரும் இல்லை. "எர்த்தா? அது வீட்டுக்காரன் பாடு" அப்படின்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

46-வது விதி இன்னும் நல்லா இருக்கும். கரண்ட் இணைப்பு உள்ள ஒவ்வொரு இடத்தையும் 5 வருசத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாம சோதிக்கணும்னு அது சொல்லிச்சு. யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க ஆள் வர்றாரு. 5 வருசத்துல 30 தடவை அதே மீட்டர் பலகை முன்னாடி வந்து நிக்கறாரு. எத்தனை யூனிட்டுன்னு 30 தடவை எழுதறாரு. பக்கத்துல பியூஸ் கட்டை உடைஞ்சு தொங்குதே, வயர் வெளிய தெரியுதேன்னு ஒரு தடவைகூட எழுதறதுக்கு அவர் கையில ஒரு கட்டம் இல்லை. அவர் மேல தப்பு இல்லை. அவர் வேலை யூனிட்டு எண்ணறது. ஆளை எண்ணறது யார் வேலைன்னுதான் கேக்கறேன்.

புது இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட்னு ஒரு காகிதம் உண்டு. முன்னாடி, சப்ளை தர்றவங்களே வீட்டு வயரிங்கைச் சோதிச்சுட்டுத்தான் இணைப்பு குடுக்கணும்னு இருந்துச்சு. 2010 விதியில, லைசென்ஸ் உள்ள காண்டிராக்டர் கையெழுத்துப் போட்ட சோதனை அறிக்கையை ஏத்துக்கிட்டாலும் சரின்னு ஆச்சு. நல்ல எண்ணத்துலதான் கொண்டு வந்திருப்பாங்க. ஆனா ஊர்ல என்ன நடக்குது? வயரிங் செஞ்சது ஒருத்தர், கையெழுத்துப் போட்டது இன்னொருத்தர். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டுப் படியை மிதிச்சிருக்கவே மாட்டார். எர்த் தடை எவ்வளவுங்கற கட்டத்துல ஒரு எண்ணு இருக்கும். எர்த்தே இல்லாத வீட்டுக்கும் இருக்கும்.

எல்லாத்தையும் விட என்னை உறுத்தறது இதுதான். ஆர்.சி.சி.பி. மாதிரி கசிவுக் காப்பு கட்டாயம்னு விதி சொல்லுது. ஆனா 2010-ல 5 கிலோவாட்டுக்குக் கீழ இருக்கற சிங்கிள் பேஸ் வீடுகளுக்கு விலக்கு. பிறகு அந்த எல்லையை 2 கிலோவாட்டா குறைச்சாங்க. நல்லது. இருந்தாலும் 2 கிலோவாட்டுக்குக் கீழ இருக்கறது யாரு? குடிசை வீடு, காலனி வீடு, தோட்டத்துச் சாளை. மண் தரை, ஈரச் சுவர், தகரக் கூரை, எர்த் கிடையாது. எந்த வீட்டுல ஆபத்து ஜாஸ்தியோ அந்த வீட்டுக்குத்தான் கட்டாயம் இல்லை. ஏ.சி. போட்ட மொசைக் தரை வீட்டுக்குக் கட்டாயம். கரண்ட் என்ன, லோடு எவ்வளவுன்னு கேட்டுட்டா ஆளை அடிக்குது?

மின்சாரச் சட்டம் 2003-ல 161-வது பிரிவு, விபத்து நடந்தா மின் ஆய்வாளருக்குத் தகவல் சொல்லணும், விசாரிக்கணும்னு சொல்லுது. ஆக, நம்ம வீட்டுக்கு மின் ஆய்வாளர்னு ஒருத்தர் வர்றதுக்கு வாய்ப்பு இருக்குன்னா, அது ஒரு சாவு விழுந்தப்புறம்தான்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு வர்ற பதில்கள் மூணு.

முதல் பதில்: "ஏனுங்க, சட்டம் கண்டிசன்னு வந்தா காசு வாங்கறதுக்கு இன்னொரு வழிதானே ஆகும்? எர்த் இல்லைன்னு ஃபீஸைப் புடுங்கிட்டுப் போனா ஏழை எங்க போவான்?" இது நியாயமான பயம். அதனாலதான் நான் அபராதம் போடுங்கன்னு கேக்கலை. இணைப்பை வெட்டுங்கன்னும் கேக்கலை. வீட்டுக்காரன் எர்த் போடலைன்னு சொல்றதுக்கு முன்னாடி, விதிப்படி குடுக்க வேண்டிய எர்த் முனையைக் குடுத்தாச்சான்னு கேட்டுட்டு அங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றேன். முதல் கடமை மேல இருக்கிறவங்களோடது.

ரெண்டாவது பதில்: "அதைப் போட்டா சும்மா சும்மா விழுந்துட்டே இருக்கு." எங்க ஊர்ல ஒரு வீட்டுல ஆர்.சி.சி.பி. தினமும் விழுதுன்னு அதை விட்டு நேரா கனெக்சன் குடுத்துட்டாங்க. பங்காளி போய்ப் பார்த்தா வாட்டர் ஹீட்டர்ல கசிவு. அந்தப் பெட்டி தினமும் "உங்க வீட்டுல ஒரு சாவு காத்திருக்கு"ன்னு சொல்லியிருக்கு, வீட்டுக்காரங்க அதோட வாயை அடைச்சிருக்காங்க. ராத்திரியில நாய் விடாம குலைச்சா டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்ப்போமே தவிர, நாயை அடிச்சுக் கொல்ல மாட்டோமில்ல?

மூணாவது பதில்: "காசு யார் குடுக்கறது?" ஒரு வீட்டுக்குப் போதுமான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடையில சுமாரா ரெண்டாயிரம் ரூபாய் ஆகும். எர்த்துக்கு ரெண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், கரி, உப்பு, ஒரு நாள் ஆள் கூலி. மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடு வீடாக் குடுக்க முடிஞ்ச ஒரு மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. கிரைண்டரைக் குடுத்த கை அதுக்கு ஒரு எர்த்தையும் குடுத்திருந்தா அந்தத் திட்டம் முழுசா ஆகியிருக்கும். இன்னிக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலை.

கிணத்து மோட்டாருக்கு எர்த் குழி வெட்டறதுல எங்க ஆளுங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. த்ரீ பேஸ் இணைப்புன்னா சொந்த எர்த் வேணும்னு விதி, போடலைன்னா மோட்டார் வராது. கரி கொட்டி, உப்புப் போட்டு, கோடையில குடம் குடமா தண்ணி ஊத்திப் பாதுகாப்போம். மோட்டார் எரிஞ்சா காயில் கட்டற செலவு. அதனால அக்கறை. வீட்டுல மாவாட்டற ஆளுக்கு அந்த அக்கறை இல்லைன்னா, அது தெரியாமை மட்டும் இல்லை. எது நட்டம்னு நாம வெச்சிருக்கிற கணக்கு அப்படி.

அப்போ என்ன செய்யலாம்? எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

ஸ்மார்ட் மீட்டர் வருதுங்கறாங்க. வந்தா ரீடிங் எடுக்க ஆள் வர மாட்டாரு. அதாவது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் பலகையைப் பார்த்த அந்த ஒரு ஜோடிக் கண்ணும் இல்லாமப் போகும். ஆனா புது மீட்டர் மாட்டறதுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை ஆள் வந்தாகணும். அந்த ஒரு தடவையை விடக்கூடாது. மீட்டரை மாட்டற கையோட எர்த் முனை இருக்கான்னு பார்க்கணும், இல்லைன்னா அமைக்கணும். மீட்டர் பெட்டிக்குள்ளயே ஆர்.சி.சி.பி.யைச் சேர்த்து மூடணும். குடிசை இணைப்புல இருந்து ஆரம்பிக்கணும், ஏ.சி. வீடு கடைசியில வரட்டும்.

அடுத்து, சோதிச்ச தேதி, எர்த் அளவு, சோதிச்சவர் பேரு மூணையும் ஒரு தகட்டுல எழுதி மீட்டர் பெட்டியில ஒட்டணும். கேஸ் சிலிண்டர் கழுத்துல அடுத்த சோதனை எந்தக் காலாண்டு, எந்த வருசம்னு ஒரு எழுத்தும் எண்ணும் போட்டிருக்கே, அந்த மாதிரி. படிக்காதவங்களும் "தேதி தாண்டிருச்சே"ன்னு கேக்க முடியும். பேரு வெளிய தெரிஞ்சா, பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடற கை கொஞ்சம் நடுங்கும்.

மூணாவது, ஊர்ல வயரிங் வேலை செய்யற பையன்களைத் திருட்டு ஆளாப் பார்க்கிறதை விட்டுட்டு, அனுபவத்தை வெச்சு மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு எழுத வைக்கணும். அப்படி ஒரு தேர்வை அரசு நடத்துது, எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அது தெரியாது. லைசென்ஸ் இருந்தா அவனுக்கும் கூலி ஏறும், "எர்த் இல்லாம வேலை செய்ய மாட்டேன்"னு சொல்றதுக்கு ஒரு தைரியமும் வரும். இப்போ சொன்னா, "அப்போ நீ வேண்டாம், அடுத்தவனைக் கூப்பிட்டுக்கறேன்"னு சொல்லிருவாங்க.

இதெல்லாம் நடக்கற காலம் நடக்கட்டும். இதைப் படிக்கிற உங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கும். அப்பா அம்மா இருப்பாங்க, இல்லை தனியா ஒரு அப்பத்தா இருப்பாங்க. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போது புடவையும் பலகாரமும் வாங்கிட்டுப் போறீங்க. இந்தத் தடவை லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூட்டிட்டுப் போங்க. எர்த் இருக்கான்னு பார்த்து அளக்கச் சொல்லுங்க. ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. ஏற்கெனவே இருந்தா அதுல டெஸ்ட்னு ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திப் பாருங்க. விழலைன்னா அது வெறும் பொம்மை. ரெண்டு ஓட்டை பிளக்கையெல்லாம் எர்த்தோட மூணு ஓட்டையா மாத்தச் சொல்லுங்க. துணிக்கொடி சர்வீஸ் குழாய்லயோ அந்தக் கம்பிக்குப் பக்கத்துலயோ கட்டியிருந்தா அவிழ்த்து வேற பக்கம் கட்டுங்க, ஆனா மெயினை ஆஃப் பண்ணினா போதும்னு நினைச்சுத் தொடாதீங்க. அந்தக் குழாய்க்கு வர்றது மெயினுக்கு முன்னாடியே வர்ற கரண்ட். கம்பத்துல நிறுத்தறதுக்கு ஆளைக் கூப்பிட்டுத்தான் தொடணும்.

சொந்தமா ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. யூடியூப் பார்த்துட்டு எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணாச் சேர்த்து விட்ட வீடுகளும் எங்க ஊர்ல இருக்கு. கம்பத்துல நியூட்ரல் அறுந்த அன்னிக்கு அந்த வீட்டு பிரிட்ஜ் கதவுல கரண்ட் வரும்.

பட்டணத்து வீடுன்னா தப்பிச்சாச்சுன்னும் நினைக்க வேண்டாம். உங்க அடுக்குமாடி மீட்டர் ரூமைப் போய்ப் பாருங்க. பழைய பேப்பர் கட்டு, செருப்பு, உடைஞ்ச சைக்கிள், பெயிண்ட் டப்பா எல்லாம் அங்கதான் இருக்கும். சங்கக் கூட்டத்துல லிப்ட் மெயின்டனன்ஸ் பத்திப் பேசறப்போ இதையும் ஒரு வார்த்தை பேசுங்க.

கடைசியா ஒண்ணு. அம்மாகிட்ட போன்ல பேசறப்போ, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுட்டு, கூடவே இதையும் கேளுங்க: "கிரைண்டர் கடிக்குதாம்மா?" "அது லேசாத்தான் கண்ணு, பலகை போட்டுக்குவேன்"னு பதில் வந்தா, அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் போடுங்க. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் அதைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டு நாளைக்கு கடை மாவு வாங்கிக்கட்டும்.